கைக்கு எட்டாத இடம்

இரண்டு தோட்பட்டைகளுக்கும் நடுவே
எந்தக் கையும் போய்ச் சேராத ஒரு சாண் நிலம்.
அங்கேதான் கிளம்பியது.
முதலில் தடிப்பு, பிறகு அரிப்பு.
வெள்ளாவி வெக்கையில் ஒன்பது மணிநேரம்
ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்துவிட்டு வந்து
கதவு நிலையில் முதுகைத் தேய்ப்பேன், மாடுமாதிரி.
சீப்பால் சொறிந்தேன். அகப்பைக் காம்பால் சொறிந்தேன்.
ஒரு காலை பெனியன் கழற்ற வரவில்லை.
தேன் நிறத்தில் ஏதோ கசிந்து
துணியும் தோலும் ஒன்றாகிப் போயிருந்தன.

டொக்டர் ஏஷ்பாகர் கையுறை போட்டுக்கொண்டு பார்த்தா.
அழற்சி, மேலே கிருமியும் ஏறிவிட்டது என்றா.
ஒரே ரியூப்பில் இரண்டு மருந்து:
ஒன்று தோலின் கோபத்தை அடக்க,
மற்றது கிருமியைக் கொல்ல.
காலையும் இரவும். மெல்லிசாக.
ஏழு நாள். எட்டாம் நாள் வேண்டாம்.
'பூசிவிட வீட்டில் ஆக்கள் இருக்கினமா?'
'இருக்கினம்' என்றேன்.

வீட்டில் இருந்தது தவபாலன்.
ஐந்து மாதமாய் நாங்கள் கதைப்பதில்லை.
போன மாரியில் வீடு சூடாக்கியதற்கு வந்த மேலதிக பில்,
நூற்றெண்பது பிராங்க்,
ஆர் யன்னலைத் திறந்துவைத்துப் படுத்தது என்பதில் தொடங்கி
அவன் தாய் தவறியபோது நான் லீவு எடுக்காததில் வந்து நின்றது.
குளிர்ப்பெட்டியின் நடுத்தட்டில் கறுப்புப் பேனாக் கோடு.
இடப்பக்கம் அவன் பால். வலப்பக்கம் என் பால்.

மரக்கரண்டியில் பிளாஸ்டிக் தாள் சுற்றி
கண்ணாடிக்கு முதுகைக் காட்டி முயன்றேன்.
மருந்து பாதி சுவரில், மீதி பிடரி மயிரில்.
பெட்டிக்குள் இருந்த தாளில் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன்.
இந்த ஊருக்கே இரண்டு பெயர், பீல் என்றும் பியென் என்றும்.
ஒரு மொழியிலும் எழுதியிருக்கவில்லை
தனி ஆள் முதுகுக்கு என்ன செய்வது என்று.

புறப்புண் பட்டவன் நாணி வடக்கிருந்தானாம்,
பள்ளிக்கூடத்தில் படித்தது.
நான் வடக்கே வந்திருந்து இருபத்திரண்டு வருஷம்.
எழும்பிப் போய்த் தவபாலனின் கதவைத் தட்டினேன்.
சட்டையில்லாமல் நின்று ரியூப்பை நீட்டினேன்.
திரும்பிக்கொண்டேன்.

கனநேரம் ஒன்றும் நடக்கவில்லை.
ரீவியில் யாரோ பனியில் சறுக்கி விழ, கூட்டம் ஊவென்றது.
பிறகு குழாயில் தண்ணீர். கை கழுவுகிறான்.
பிறகு குளிர். ஒற்றை விரல்,
முத்திரை ஒட்டுபவன்போல் விளிம்பிலிருந்து உள்ளே.
'கனக்கப் பூசாதே' என்றேன்.
ஐந்து மாதத்தில் என் முதல் சொல்.
அவன் வாய் திறக்கவில்லை. விரல் மட்டும் இலேசானது.

காலை ஐந்தேகாலுக்கு, அவன் வேலைக்குப் போகமுன்.
இரவு பத்தரைக்கு, நான் வந்தபின்.
மூன்றாம் நாள் கசிவு நின்றதை
அவன் விரல் தயங்காததில் அறிந்தேன்.
நான்காம் நாள் போனில் படம் பிடித்துக் காட்டினான்.
என் முதுகை நான் அன்றுதான் பார்த்தேன்,
அப்பத்தின் ஓரம்போல் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.
ஐந்தாம் நாள், 'பெனியனைச் சுடுதண்ணியில் அவி' என்றான்.
'சலவைக்காரனுக்குச் சொல்லுறாய்.'
சிரித்தானோ தெரியாது. முதுகுக்குக் கண்ணில்லை.

எட்டாம் இரவு, பத்தரை.
அரிப்பு இல்லை. இருக்கிறதென்று சொல்லிப் பார்க்கலாம்.
நாள் கூடினால் தோல் மெலியும் என்றிருந்தா டொக்டர்.
பழகிவிட்டு நிறுத்தினால் முன்னைவிட மோசமாய்ச் சிவக்குமாம்.
ரியூப்பில் பாதி கிடக்கிறது,
அவன் வாலிலிருந்து ஒழுங்காய்ச் சுருட்டி வைத்தபடி.
சுவருக்கு அப்பால் அவன் கட்டில் முனகுகிறது.

குளிர்ப்பெட்டியைத் திறந்தேன்.
இடப்பக்கம் வெறுமை. காலைத் தேத்தண்ணிக்கு அவனுக்குப் பால் இல்லை.
என்னுடையதைக் கோட்டின்மேல் நகர்த்தி வைத்தேன்,
சரி நடுவில் அல்ல, கொஞ்சம் என் பக்கமாய்.
நூற்றெண்பது நூற்றெண்பதுதான்.