இங்கே ஒரு படம் வரும்

முதலில் ஒன்றுமில்லை.
பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அங்குலம் வெள்ளை.
அதன்மேல் கசங்கிய காகிதம் ஒரு லேயர்,
அதன்மேல் கிழிந்த ஓரம்,
அதன்மேல் சாம்பல் நிறத்தில் நாலு கட்டம்.
யார் வரப்போகிறார்கள் என்று தெரியாமலே
பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு
இடம் பிடித்து வைக்கிறேன்.

தோட்டப்பாளையத்தில் மாடிக் கடை.
கீழே லாட்ஜ், மருந்துக்கடை,
வங்காள எழுத்தில் பலகை வைத்த சோற்றுக்கடை.
மே மாதம் கம்ப்யூட்டருக்கு ஒரு ஃபேன், எனக்கு ஒரு ஃபேன்.
ஒன்று பழுதானால் எனக்கு இல்லை.

தயாநிதி அண்ணன் வாங்கிக் கொடுத்த டிஸ்கில்
ஐந்நூறு டெம்ப்ளேட் இருந்தது.
அன்னம், இறகு, செம்பழுப்பாய் உதிரும் ஏதோ நாட்டு இலை.
ஒன்றில் பனி பெய்துகொண்டே இருக்கும்,
குடியாத்தத்துக் கல்யாணத்தின்மேல்.
கட்டத்தின்மேல் படத்தை வைத்து
ஆல்ட்டை அழுத்தி இடையில் ஒரு தட்டு தட்டினால்
படம் கட்டத்துக்குள் அடங்கிவிடும்.
அடங்காதது நம் ஜனம்.
பதினாறு பேர் தோளோடு தோள் நிற்கிற வரிசையில்
காட்பாடிச் சித்தப்பா எப்போதும்
பாதிக் காதோடு வெளியே.

அந்தச் சித்தப்பாவுக்காகத்தான்
நானே செய்ய ஆரம்பித்தேன்.
அகலமான கட்டங்கள்.
லேயருக்கெல்லாம் தமிழில் பெயர்:
பெண் இங்கே. மாப்பிள்ளை இங்கே.
கூட்டம் இங்கே, காது வெட்டாதே.
பெயர் வைக்காமல்
‘லேயர் 47 நகல் 3’ என்று விட்டுப் போகிறவனுக்கு
எந்த நரகம் என்று எனக்குத் தெரியும்.
திறந்து பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் மண்டல் என்பவர் படியேறி வந்தார்,
போனை இரண்டு கையிலும் ஏந்தி.
நாற்பத்தொரு நாள் லாட்ஜ்.
எடை பார்த்த சீட்டு, கோட்டை அகழி,
பாதி தின்ற இட்லி,
மொட்டைத் தலையோடு மாஸ்க்குக்கு மேலே
கண்ணால் சிரிக்கிற பையன்.
எல்லாம் ஒரே பக்கத்தில் வேண்டுமாம்.
அன்னம் பொருந்தவில்லை. பனி பொருந்தவில்லை.
புதிதாகவே போட்டேன்.
மூன்று படம் வைத்ததும்
நாலாவது கட்டத்தின்மேல் விரல் வைத்து
வேண்டாம் என்று தலையாட்டினார்.
பிறகு நாள்காட்டியைக் காட்டினார்,
அக்டோபர்.
லேயரின் பெயரை மாற்றினேன்:
‘மண்டல் பையன், அக்டோபரில், முடியோடு.’

அவசரம். ராத்திரி ரயில்.
வெளிச்சத்தின் கோணத்தை மாற்றிப் போட்டிருக்கிறேன்.
எல்லா நிழலும் மேலே விழுந்தது, தலைகீழாய்.
அச்சாகி வந்தபின்தான் கண்டேன்.
அவர் காணவில்லை, அல்லது சொல்லவில்லை.
செய்தித்தாளில் சுற்றி,
சாம்பல் கட்டத்தை மேலே வைத்து
எடுத்துப் போனார்.

அக்டோபர் வந்தது. அடுத்த அக்டோபரும்.
படியில் யார் காலடி கேட்டாலும்
சும்மா ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன்.
அவ்வளவுதான்.
வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்.
ஆஸ்பத்திரியே தேவைப்படாமல் போயிருக்கலாம்.

இதற்குள் அண்ணன் யாருக்கோ
பென் டிரைவில் கொடுத்திருக்கிறார்.
அவர் ஆற்காட்டுக்கு, அங்கிருந்து எங்கெங்கோ.

நேற்று ஆம்பூரிலிருந்து ஒரு நிச்சயதார்த்த ஆல்பம்,
பெண் பெயரில் எழுத்துப் பிழை, திருத்தித் தர வேண்டும்.
ஏழாம் பக்கம் திறந்ததுமே
நிழல் மேலே விழுந்தது.
முதல் கட்டத்தில் மோதிரம்,
அடுத்ததில் ஷூ கம்பெனி மேனேஜர் குடும்பம்,
மூன்றாவதில் ஜரிகைத் துப்பட்டாவோடு ரெஹானா.
நாலாவதில்
தம் உடைத்த பிரியாணி அண்டா,
ஆவி லென்ஸை மறைக்க.

லேயர் பட்டியலைக் கீழே இழுத்தேன்.
அண்டாவுக்கு அடியில்
யாரும் தொடாமல் இருந்தது:
‘மண்டல் பையன், அக்டோபரில், முடியோடு.’

அண்டாவின் கண்ணை ஒரு நொடி மூடினேன்.
சாம்பல்.
திறந்தேன்.
ஆவி.

ரெஹானாவுக்கு விட்டுப்போன துணைக்காலைப் போட்டேன்.
நிழலைத் திருப்பவில்லை. பெயரை மாற்றவில்லை.
சேமிக்கவா என்று கேட்டது.
ஆம்.