நூற்றுப் பதினேழு

வடக்கு டகோட்டாவில், கோதுமைக்கு நடுவே
ஒரு ஏக்கர் கல்லறை.
தேவாலயம் இல்லை.
இருந்த இடத்தில் மூலைக்கொன்றாய் நான்கு கல்,
வாசலுக்கு இருபுறமும் நட்ட லைலாக் புதர் இரண்டு.
வாசல் போய்விட்டது தெரியாமல்
ஜூன் தவறாமல் பூக்கின்றன.

கல்லறைச் சங்கப் பொருளாளர் ராக்ன்ஹில்ட் தோர்ஸ்கார்ட்.
தலைவரும் அவள்தான், புல் வெட்டுவதும் அவள்தான்.
வங்கியில் இருநூற்றுப் பன்னிரண்டு டாலர்.
பதிவேடு நார்வே மொழியில்.
அவளுக்கு அதில் மூன்றே சொல் தெரியும்:
பிறப்பு, இறப்பு, பெயரிடவில்லை.
பாதிப் பக்கங்களுக்கு அதுவே போதும்.

பதிவேட்டில் எழுபத்தொரு பேர்.
நிற்கும் கல் நாற்பத்து நான்கு.
மிச்சப்பேர் எங்கே என்று தெரியாததால்
எங்கும் மெதுவாகவே ஓட்டுகிறாள்.

வந்தவர்கள் முதலில் தோண்டியது கிணறு.
இரண்டாவது, குழி.
வேரோடு மண்ணைக் கட்டியாய் வெட்டி
வீடென்று அடுக்கிக்கொண்டார்கள்.
கண்ணுக்கெட்டிய வரை மரமில்லை;
தேவாலயத்துக்குப் பலகை அறுபது மைல் மாட்டுவண்டியில் வந்தது.
நேரானது பீடத்துக்கும் இருக்கைக்கும்,
கோணல் சவப்பெட்டிக்கு.
தொண்டை அடைப்பான் வந்த குளிர்காலத்தில்
கோணல் தீர்ந்துபோனது.
நேரானதில் கை வைத்தார்கள்.
சின்னச் சின்னப் பெட்டிகள்தான், ஆனாலும்
அந்தத் தேவாலயத்தில் கடைசிவரை
வடபக்கம் இருக்கைகள் இல்லை.

பிறகு ரயில் வந்தது, நான்கு மைல் தள்ளி.
இங்கே ஒரு ஊர் இருப்பதை
ரயிலுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.
கடை போனது, தபால் போனது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று, பிப்ரவரி.
தேவாலயத்தை நெம்பித் தூக்கி
மரச்சறுக்கில் ஏற்றினார்கள்.
முப்பத்திரண்டு குதிரைகள்.
தேர் என்றால் நிலைக்குத் திரும்பும்.
இது திரும்பவில்லை.

குன்வோர் ஹெல்லெஸ்டாட் மட்டும் இறங்க மறுத்தாள்.
மூன்று பிள்ளைகளை இந்த மண்ணில் வைத்தவள்
முந்தின இரவே உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள்,
வடபக்கம், வெறுந்தரையில்.
தட்டினார்கள், கெஞ்சினார்கள், நேரமாயிற்று.
அவளையும் சேர்த்தே இழுத்தார்கள்.

மணியின் நாக்கைக் கட்டிவைக்க
ஒருவருக்கும் தோன்றவில்லை.
உறைந்த உழவுசால் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி.
அந்தப் பக்கத்தில் மணி என்றால் சாவு,
செத்தவர் வயது எத்தனையோ அத்தனை அடி.
பண்ணைகளில் பால் கறந்த கைகள் நின்றன.
ஐம்பதில் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டார்கள்.
எழுபத்தாறில் இன்னொரு பெயர்.
தொண்ணூறு தாண்டியதும் பேச்சு நின்று
பனிக்குள் வந்து நின்றார்கள்.
யாரோ பஞ்சாங்க ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறார்கள்:
நூற்றுப் பதினேழு.
பிறகு காற்று திசை மாறிவிட்டது.

ராக்ன்ஹில்ட் ஒரு ராத்திரி
அந்தக் குளிர்காலத்துப் பிள்ளைகளின் வயதைக் கூட்டினாள்.
முப்பத்தொன்றரை.
தாய்மாரையும் சேர்த்துக் கூட்டினாள், இருநூற்றுச் சொச்சம்.
எப்படிக் கூட்டியும் ஒட்டவில்லை.
விளக்கை அணைத்துப் படுத்துவிட்டாள்.

புது ஊரில் கதவு திறந்தது.
குன்வோர் யாரையும் பார்க்காமல் இறங்கி
சறுக்குத் தடத்திலேயே நடந்து திரும்பினாள்.
பதிவேட்டில் அவள் பெயர் இருக்கிறது.
கல் இல்லை.
அந்தத் தேவாலயமும் பிறகு மூடப்பட்டு
இப்போது யாரோ அதில் விதைமூட்டை அடுக்குகிறார்கள்.

நேற்று புல் வெட்டும் வண்டியின் பெல்ட் அறுந்தது,
நான்கு கல்லுக்கு உள்ளே, வடபக்கம்.
ராக்ன்ஹில்ட் இறங்கிக் கொஞ்சநேரம் தரையில் உட்கார்ந்தாள்.
எழுந்து, குறுக்கே போயிருக்கலாம்,
லைலாக் இரண்டுக்கும் நடுவேதான் வெளியேறினாள்.
கணக்கில் எழுதினாள்:
பெல்ட், முப்பத்தெட்டு டாலர் ஐம்பது சென்ட்.
மீதி நூற்றெழுபத்து மூன்று ஐம்பது.