இதுவல்ல

வாரத்துக்கு ஒரு தம்ளர்.
முதலில் அவ்வளவுதான்.
தொட்டியின் விலாவில் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன்.
அடுத்த ஞாயிறு கோட்டுக்குக் கீழே இரண்டு விரற்கடை.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன்.
உலான்பாதரில் ஜனவரி. தரையெல்லாம் பனி.
இளஞ்சிவப்பு கூலன்ட் ஒரு சொட்டு விழுந்திருந்தால்
வெள்ளைத் துணியில் மூக்குரத்தம் மாதிரி தெரிந்திருக்கும்.
விழவில்லை.

'புகையைப் பார்' என்றான் தம்பி, கொரியாவிலிருந்து.
வெள்ளையாக வந்தால் இன்ஜின் தண்ணீர் குடிக்கிறதாம்.
மைனஸ் முப்பதில் எந்த வண்டிக்கு வெள்ளையாக வராது?
சாலை நெடுக பிரியஸ், சாலை நெடுக வெள்ளை வால்.
பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வாயிலும்
அதே புகை.

காலையில் ஸ்டார்ட் செய்ததும்
நனைந்த நாய்போல உடம்பை உதறும்.
உள்ளேயிருந்து ஒரு ஜப்பானியப் பெண்குரல்
பணிவாக ஏதோ சொல்லும்.
வாங்கிய நாளிலிருந்து சொல்கிறாள்.
ஒருவேளை இதைத்தானோ.

தார்கான் சாலையில்
பின்சீட்டில் மூன்று பேர், மடியில் ஒரு குழந்தை,
டிக்கியில் உறைந்த ஆடு ஒன்றரை.
ஹீட்டர் திடீரென்று குளிர்காற்று ஊதியது.
யாரும் வாய் திறக்கவில்லை.
குழந்தையின் தாய் தன் கையுறைகளைக் கழற்றி
அதன் கால்களுக்கு மாட்டினாள்.
அன்றிரவு நோட்டில் எழுதினேன்:
கட்டணம் பாதி திருப்பியது.
ஊற்றியது ஒன்றரை லிட்டர்.
போன இடம் —
கணக்கு உதைத்தது.

கரியடுப்பு எரியும் கண்டெய்னருக்குள்
மெக்கானிக்கின் பெயர் எனெபிஷ்.
எங்கள் மொழியில் 'இதுவல்ல' என்று அர்த்தம்.
முன்னால் பிறந்த இரண்டும் தங்காத வீட்டில்
தேடி வரும் கெட்டது ஏமாந்து திரும்பட்டும் என்று
வைக்கிற பெயர்.
ஏமாந்துதான் போயிருக்கிறது:
ஐம்பது வயது, தொண்ணூறு கிலோ.

ரேடியேட்டரைத் தடவிப் பார்த்தான். இதுவல்ல.
பம்புக்கு அடியில் கைக்கண்ணாடியை நீட்டினான்,
வெகுநேரம். இதுவல்ல.
முன்சீட்டுக் கம்பளத்தை உரித்து முகர்ந்தான்.
'ஹீட்டர் கசிந்தால் தித்திப்பாய் வாடை வரும்.'
ஆட்டுக்கொழுப்பும் பூட்ஸ் ஈரமும்தான் வந்தது.
தன் பெயரையே முனகிக்கொண்டு
வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

பிறகு தொட்டி வாயில் கைப்பம்பைத் திருகிக்
காற்றடித்தான். 'ராத்திரி இப்படியே இருக்கட்டும்.'
நான் அடுப்போரம் உட்கார்ந்து முள்ளையே பார்த்தேன்.
சத்தமில்லை. சொட்டில்லை.
முள் மட்டும்
தூங்கி வழிகிறவன் தலைபோல
இறங்கிக்கொண்டே இருந்தது.

விடிந்ததும் பிளக்குகளைக் கழற்றி
குழாய்க் கேமராவை உள்ளே விட்டான்.
முதல் அறை கறுப்பு. இரண்டாவதும். நான்காவதும்.
மூன்றாவது
விருந்துக்குத் துலக்கிவைத்த பாத்திரம்.
அழுக்கில்லாததுதான் குற்றவாளி.
மாதக்கணக்காக ஆவி கழுவிய பிஸ்டன்,
அதன் நடுவே ஒரு சொட்டு, இளஞ்சிவப்பு,
வெளிச்சம் பட்டதும் கண் சிமிட்டியது.

எனெபிஷ் இந்த முறை தன் பெயரைச் சொல்லவில்லை.

ஹெட் கேஸ்கெட்டில் மயிரிழை வழி.
புகை திரும்பி வரும் குழாயில் கரி,
கத்தியை விட்டால் கத்தி நின்றது.
'நோய் இங்கே, வலி அங்கே' என்று சுரண்டினான்.
வாஷிங் மெஷினை அடகு வைத்தேன்.
ஒன்பது நாள் கையால் துவைத்தேன், சுடுநீரில்,
ஒவ்வொரு தம்ளராக எண்ணி.

இப்போது கோடு கோட்டிலேயே நிற்கிறது.
ஆனாலும் ஞாயிறுதோறும் மூடியைத் திறக்காமல்
குனிந்து பார்க்கிறேன்.

நேற்று சிவப்பு விளக்கில்
பக்கத்து பிரியஸ் நின்று, அணைந்து, மறுபடி உயிர்பெற்றபோது
ஒருமுறை உதறியது.
ஓட்டுகிற பையன் ஏதோ மென்றுகொண்டு
கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தான்.
ஜன்னலை இறக்கினேன்.
விளக்கு பச்சையானது.
அவன் புகையும் வெள்ளை,
என்னுடையதும்.