காரணம் என்றொரு கட்டம்

மாசி. பின்னிரவு மூன்றேகால்.
தாழங்குடாவுக்கு வடக்கே ஆற்றுமுகம் வரை
டார்ச்சின் வாயில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டி
நடக்கிறோம் நாலு பேர்.
நஸ்ரின் கையில் அளவு நாடா,
பிரான்சிஸ் தோளில் ஈரச்சாக்கு,
கடலூரிலிருந்து வந்த கல்லூரிப் பையனுக்குக் கொட்டாவி.
நான் மணல் தெரிந்தவள்.

இந்தப் பருவத்தில் இதுவரை பதினேழு.
பதினேழும் செத்தவை.
கண் பிதுங்கி, கழுத்து ஊதி,
நாய் தொட்டது பாதி, நண்டு தொட்டது மீதி.
ஓட்டின்மேல் பச்சை பெயிண்டால் ஒரு கோடு போடுவோம்,
எண்ணியதையே நாளைக்கும் எண்ணிவிடாமல் இருக்க.

பதினெட்டாவது மூச்சு விட்டது.

குக்கர் விசிலடிப்பதற்கு முன்னால்
ஒரு சின்ன இரைச்சல் வருமே, அதுபோல.
பையன் உட்கார்ந்துவிட்டான்.

வெளுப்பதற்குள் கூட்டம்.
தண்ணியில தள்ளி வுடுங்கம்மா, அது பாட்டுக்குப் போயிடும்.
பெருமாள் அவதாரம், மஞ்சத்தண்ணி ஊத்துங்க.
அய்யோ, அழுவுது பாரு.
அழவில்லை, உப்பை வெளியேற்றுகிறது என்றான் பிரான்சிஸ்.
யாரும் நம்பவில்லை.
முதல் வருஷம் நானும் நம்பவில்லை.

இடது முன் துடுப்பில் மூன்று சுற்று நரம்பு வலை.
ஜாக்கெட் தைக்கிற கத்தரி என்னிடம்.
முதல் சுற்றை அறுத்தேன்.
இரண்டாவதில் ஒரு மிதவை,
பழஞ்செருப்பை வெட்டிக் கோத்த ரப்பர்.
எங்கள் குப்பத்தில் எல்லா வலைக்கும் அதுதான், அதிலொன்றுமில்லை.
ஆனால் இது குதிகால் துண்டு.
இதில் ஊதுபத்தியால் சுட்டு எழுதிய ஒரு 'க',
வால் கொஞ்சம் நீண்டது.
பள்ளிக்கூடத்தில் மாறிப்போகாமல் இருக்க
கதிரொளிக்கு நான் எழுதித் தந்தது.

கார்த்திகைப் புயலில்
வலையா உயிரா என்று வந்தபோது
அவர் நடுக்கடலில் அறுத்துவிட்டு வந்தது.
போனது போகட்டும், கடல் தின்னட்டும் என்றவள் நான்தான்.
கடல் தின்னவில்லை.
குழுக்கடனில் ஏழு தவணை அப்படியே நிற்கிறது,
நூலும் அப்படியே நிற்கிறது.
நல்ல நூல் வேண்டுமென்று பாண்டிச்சேரி வரை போய் வாங்கினோம்.

மூன்றாம் சுற்று சதைக்குள் இறங்கியிருந்தது.
கத்தரி முனையால் நெம்பும்போது
அது தலையைத் திருப்பி
என் புடவைத் தலைப்பைக் கவ்வியது.
விடவில்லை.
நானும் இழுக்கவில்லை.

டாக்டர் ஞானசௌந்தரி புதுச்சேரியிலிருந்து வந்துசேர ஏழு மணி.
துடுப்பு போய்விடும், உயிர் நிற்கலாம் என்றார்.
நிற்கும் என்று சொல்லவில்லை, கேட்டீர்களா, நிற்கலாம்.
மீன்பெட்டியில் வைத்து மினி லாரியில் ஏற்றினோம்.
ஐஸ் இல்லாமல் அந்தப் பெட்டி ஊர் தாண்டியது
அன்றைக்குத்தான்.
கிழிந்த தலைப்பும் கூடவே போனது.

நஸ்ரின் தாளை நீட்டுகிறாள்.
நீளம் அறுபத்தெட்டு. பெண். இடது முன் துடுப்பு.
காரணம் என்ற கட்டத்தில்
'அடையாளம் தெரியாத வலை' என்று எழுதி
சாட்சிக் கையெழுத்துக்கு.

இடுப்பில் செருகிய ரப்பர் உறுத்துகிறது.
முதலிரண்டு சொல்லை அடித்தேன்.
என்னக்கா, என்றாள்.
அவள் பேனா. மை வேறு விட்டு விட்டு எழுதுகிறது.

இந்நேரம் வீட்டில் அவர்
புது வலைக்கு மிதவை வெட்டிக்கொண்டிருப்பார்.
பையனுக்கு இப்போது எட்டாம் நம்பர் கால்.
போன மாதம் பிய்ந்த ஜோடியைக் கொடுத்திருக்கிறான்.
பெரிய பையனாகிவிட்டான் என்று
அதில் நான் எதுவும் எழுதியிருக்கவில்லை.