இரண்டாம் கட்டு

பதினோரு பங்காளிகளில் ஒன்பது பேர் சரி என்றார்கள்.
டெட்ராய்ட்டில் இருப்பவர் வாட்ஸாப்பில் கட்டைவிரல் காட்டினார்.
பதினோராவது ஆளுக்கு ஒற்றை டிக்.
அந்த ஒற்றை டிக்கை நம்பித்தான்
கண்டனூரில் ஒரு புதன்கிழமை காலை
பூட்டைத் திறந்தோம்.

முகப்பு வேண்டாம், எதிரொலி தடுமாறும் என்றார் ஃபாரூக்.
வளவும் வேண்டாம், தூண்கள் எதிர்த்துப் பேசும்.
காரைக்குடியில் காதுகுத்தும் கட்சிக் கூட்டமும்
பதிவு செய்கிற மனுஷர்.
கையைத் தட்டித் தட்டி நடந்துபோய்
இரண்டாம் கட்டில் நின்றார்.
கல்யாணத்துக்குப் பந்தி போட்ட இடம்.
'இங்கே சத்தம் சாப்பிட்டுவிட்டுத்தான் போகும்.'

ராயப்பன் பாஸுக்கு உறை கழற்றினான்.
இளமாறன் டிரம்மின் தோலில் பிரஷ்ஷை இழுத்துப் பார்த்தான்,
முறத்தில் அரிசி நகரும் ஓசை.

நான் உண்ணாமலை. டெனர் சாக்ஸ். வயது ஐம்பத்து மூன்று.
கடைசியாக மேடையில் நின்றது பினாங்கில்,
ஒன்பது வருஷத்துக்கு முன்னால்.
அதற்கு மறுநாள் ஒரு ஈரப் படிக்கட்டு,
மேல்வரிசையில் மூன்று பல்.

ஊதுவாயின் மேல் பல் உட்கார்ந்தால்தான்
மூச்சுக்கு ஒரு முகவரி.
பேட்டி எடுத்தவர்களிடமெல்லாம் பல் என்றுதான் சொன்னேன்.
தலையாட்டி எழுதிக்கொண்டார்கள்.
ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை,
பல் கட்டி ஏழு வருஷம் ஆகிறது.

நல்ல பல். சீடை உடைக்கலாம்.
அந்த ஏழு வருஷமும் சாக்ஸ் பீரோவுக்கு மேலே,
பழைய ஜமுக்காளத்தில் சுற்றி.
சோகம் ஒன்றும் இல்லை.
கேட்டவர்களுக்குச் சொல்ல
ஒரு சாவாவது இருந்திருக்கலாம்.
இன்றைக்கு எடுக்கலாம் என்று நாற்காலியை இழுப்பேன்,
கேஸ் சிலிண்டர் வரும்,
நாற்காலியில் அவர் ரசீதை வைத்து எழுதுவார்,
பிறகு சாயங்காலம்.
அவ்வளவுதான்.
ஏழு வருஷம் என்பது அப்படி ஒரே ஒரு சாயங்காலம்.

முதல் டேக்கில் தப்பே இல்லை.
ராயப்பன் என் முகத்தைப் பார்க்கவில்லை.
இரண்டாவதில் பினாங்கு உண்ணாமலையைப்போல வாசித்தேன்,
அவளுடைய புடவை,
எனக்கு இடுப்பில் நிற்கவில்லை.

மூன்றாவதற்கு விரல் சொடுக்கும்போது
பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டார்கள்.
ஃபாரூக் கையை உயர்த்தினார். நிறுத்தினோம்.
தொட்டி நிரம்ப முக்கால் மணி நேரமாம்.
உட்கார்ந்தோம். கேட்டோம்.
ஜி. கொஞ்சம் மேலே.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
ராயப்பன் முறுக்காணியைத் திருகினான்,
நான் ஊதுவாயை ஒரு நெல் அளவு உள்ளே தள்ளினேன்.
சுளித்த முகத்தோடே ஃபாரூக் பதிவை ஓட்டினார்.

மூன்று சுரம். அதே மூன்று.
வழி கேட்டுப் போனவள்
அதே தெருவுக்கு மறுபடி மறுபடி வந்து
ஒவ்வொரு தடவையும் வேறு கதவைத் தட்டுவதுபோல.
மோட்டார் எல்லாவற்றுக்கும் ம் என்றது.

ஐந்தாவது நிமிஷம் கரண்ட் போயிற்று.

ராயப்பன் நின்றான். இளமாறன் நின்றான்.
நான் ஒரு மூச்சின் பாதியில் இருந்தேன்,
திரும்ப இடமில்லை.
பேட்டரியில் ஓடுகிற பெட்டியின் சிவப்புப் புள்ளி தவிர
அந்தக் கட்டில் என்னைக் கேட்க எதுவும் இல்லை.
உதட்டோரம் கசிகிற காற்று,
கட்டின பல் கருப்பு ரப்பரில் பட்டு எழும் டக்,
சாவிகளின் தொளதொளப்பு,
இவ்வளவுக்கும் நடுவே
நான்காவதாக ஒரு சுரம்,
கொஞ்சம் கோணலாக.

நாற்பத்தொரு விநாடி என்கிறார் ஃபாரூக்.
அதற்குப் பிறகுதான் முறத்தில் அரிசி நகர்ந்தது.

அந்த டேக்தான் ஆல்பத்தில் முதலாவது.
கசிவை எடுத்துவிடலாமா என்று கேட்டார்,
மோட்டாரைக்கூட எடுக்கலாமாம், இப்போதெல்லாம் முடியுமாம்.
நான் டீ வாங்கிவரச் சொன்னேன்.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது.
சுவிட்சை யாரும் அணைத்திருக்கவில்லை.
தொட்டி வழிந்து சந்தெல்லாம் தண்ணீர்,
யாரோ செருப்பில்லாமல் ஓடினார்கள்.

ஏழு மணிக்குப் பதினோராவது ஆள் பார்த்துவிட்டார்.
இரண்டு டிக், நீலம்.
'எந்த வீடு?' என்று கேட்டிருந்தார்.
ரீடைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
ஈரக் கை.