பெற்றோர் அல்லது

எங்கள் பக்கம் ஆறு பிரியும், சேராது.
முக்கொம்பில் ஒருதரம், கல்லணையில் ஒருதரம்,
அப்புறம் வெட்டாறு, கோரையாறு, பாமணி என்று
கடல் கண்ணில் படும்வரை பிரிந்துகொண்டே போகும்.
இரண்டு கம்பெனி ஒன்றாகிறது என்று
திருச்சி ஏர்போர்ட் கேன்டீனில் கேக் வெட்டியபோது
என்ன முகம் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை எனக்கு.

புதுச் சேலை தந்தார்கள், கத்தரிப்பூ நிறம்.
புது அடையாள அட்டையில் பழைய போட்டோ.
பணியில் சேர்ந்த தேதிக்கு நேரே
கம்பெனிகள் சேர்ந்த தேதி.
என் ஒன்பது வருஷம் எங்கே என்று கேட்டேன்.
'சிஸ்டம்ல அப்படித்தான் வரும் மேடம்.'

பிறகு படிவம் வந்தது.
முன்பெல்லாம் நாலு பேர்:
என் அப்பா அம்மா, அவருடைய அப்பா அம்மா.
இடம் மிச்சமிருந்தால் ஏறலாம், வரி மட்டும் கட்டினால் போதும்.
இனி ஒரு ஜோடி.
பெற்றோர் அல்லது துணைவரின் பெற்றோர்.
வெள்ளி இரவு பன்னிரண்டுக்குள்.
மூன்று வருஷத்துக்கு மாற்ற முடியாது.
இறப்பு நேர்ந்தால் மாற்றலாமென்று
அடியில், பொடி எழுத்தில், ஒரு பெருந்தன்மை.

அப்பா உத்திராபதி பொதுப்பணித்துறை லஸ்கர்.
தலைஞாயிறு பக்கம் முப்பத்தோரு வருஷம்
அரிச்சந்திரா நதியின் ஷட்டர்களை ஏற்றி இறக்கியவர்.
ஸ்டாண்ட்பை என்றால் என்னவென்று
அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.
முதல் தடவை கேட் வரை போய்த் திரும்பினோம்.
அடுத்த தடவை பையை ஏற்றிவிட்டு இறக்கினார்கள்.
அம்மா மூக்கைச் சிந்தினாள்.
அவர் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தார்:
'மேல்மடைக்காரன் பாய்ச்சி முடிக்கட்டும் அஞ்சம்மா,
நம்ம முறை வரும்.'
வந்தது, இரவு ஒன்பதே முக்காலுக்கு.
ஜன்னல் இருக்கை. கண்ணாடியில் நெற்றியை வைத்தவர்
சென்னையில்தான் எடுத்தார்.
'ஒரே இருட்டு. ஒரு வாய்க்கா தெரியல.'
மேட்டூர் திறந்து தண்ணீர் ஓடும்போது
பகலில் ஒருதரம் கூட்டிப்போகிறேன் என்றேன்.
வலதுபக்க ஜன்னல் என்றார்.
யாரிடமோ விசாரித்து வைத்திருந்தார்.

டிக்கெட் வாங்கித் தரலாம்தான். ஒருமுறை கேட்டும் பார்த்தேன்.
'காசு குடுத்தா எவன் வேணா போவான்.
உன் வேலையில போறதுதான் போறது.'

நீடாமங்கலத்தில் கணக்கு வேறு.
மஸ்கட்டில் நாத்தனாருக்கு ஆவணியில் தேதி கொடுத்திருக்கிறார்கள்.
மாமியார் எதுவும் கேட்கவில்லை.
பிரசவ லேகியம் கிளறி
எவர்சில்வர் டப்பாவில் அமுக்கிக்கொண்டே
'இதெல்லாம் பிளைட்டுல விடுவாங்களா' என்றார், அவ்வளவுதான்.
இளஞ்சேரன் அதையும் கேட்கவில்லை.
துடைத்த பைக்கையே துடைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளி, பதினொன்று நாற்பது.
'துணைவரின்' பக்கத்து வட்டத்தைத் தொட்டேன்.
உறுதியா என்று கேட்டது. ஆம்.
அது இன்னொரு தடவை கேட்டது.
அந்த வீட்டில் வேறு யாரும்
ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் டியூட்டியில் இருக்கும்போது அப்பாவின் போன்.
'கடைமடைக்குத் தண்ணி வந்துருச்சு.
முப்பத்திநாலாம் நாள். நுரைச்சுக்கிட்டு வருது. கேக்குதா?'
போனை ஷட்டர் பக்கம் நீட்டியிருப்பார்.
கேட்டது.
'சரி, எப்ப?'
போர்டிங் ஆரம்பிச்சிருச்சுப்பா என்று வைத்துவிட்டேன்.
பொய்யில்லை.
ஆரம்பித்துத்தான் இருந்தது.

பகல் விமானம். ஒரு பொட்டு மேகமில்லை.
பதினேழு இடம் காலியென்று எழுதிக் கையெழுத்திட்டு
படிக்கட்டை நகர்த்தச் சொல்லி அண்ணாந்தேன்.
பதினோராம் வரிசை, வலதுபக்கம்,
கூடுதல் காசு கொடுத்து வாங்கிய ஜன்னலில் ஒருவர்
வெயில் படுகிறதென்று
ஷட்டரை இறக்கினார்.