ஓடும் நீர்

‘இராப்பாளையம்’ ஐந்து பாகமும்
பனியன் வேஸ்ட்டில் பொதிந்து
ஒரே பையில் சுற்றிக்கொண்டிருக்கிறது
காங்கயம் ரோட்டிலிருந்து பொள்ளாச்சி வரை.
வாங்கியவன் நான்.
என் வீட்டில் அது தங்குவது
தீபாவளிக்குக் கம்பெனி மூடும் நான்கு நாள்.

கதை இவ்வளவுதான்.
பாலக்காட்டுக் கணவாயில் கும்பினிப் படை ஏறி வரும் ஆடியில்
காற்றோடு வேறெவரோ வந்துவிடுகிறார்கள்.
விடிந்தால் கூடாரங்களில் துரைமார்
வெளுத்துக் கிடக்கிறார்கள், முன்னைவிட வெளுப்பாய்.
அன்று முதல் தாராபுரம் கோட்டையில்
பகலெல்லாம் கதவடைப்பு.
சந்தை, கச்சேரி, கல்யாணம், எல்லாம் இருட்டில்.
வரி, மாதம் ஆளுக்கு ஓர் உழக்கு.
நெல் அல்ல.

“உழக்கு சரிதானுங்” என்றார்
ரத்த வங்கியில் வேலை பார்க்கும் தெய்வசிகாமணி.
“நம்ம பையும் முந்நூத்தம்பது மில்லி, கிட்டத்தட்ட அதேதான்.
ஆனா மாசாமாசம் எடுத்தா
ஆறாம் மாசம் எவன் எந்திரிச்சு வந்து வரி கட்டுவான்?
எழுதுன ஆளுக்குக் கணக்குத் தெரியலீங்.
இல்லாட்டி
கணக்குத் தெரியாத கவருமெண்டைப் பத்தி எழுதியிருக்கோணும்.”

இரண்டாம் பாகத்தைப் பூண்டுக் கமிஷன் நவ்ஷாத்
பாதியில் திருப்பிவிட்டார்.
பொள்ளாச்சிச் சந்தையில் பகல் முழுக்க
அவர்கள் பதுங்கிக் கிடப்பது
பூண்டு குடோனிலாம்.
“ஒரு நாள் வந்து உக்காந்து பாக்கச் சொல்லுங்க.
எனக்கே கண்ணெரியுது!”

மூன்றாவது இழுவை. இதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கட்சி.
கோட்டை வாரிசுச் சண்டை நூற்றெண்பது பக்கம்.
சாகாதவனுக்கு வாரிசு எதற்கு என்று
ஓரத்தில் யாரோ பென்சிலால் கேட்டிருக்கிறார்கள்.
அதன் கீழே வேறு கையெழுத்து:
சொத்து இருக்கிறதே.

நான்கில் மில் வருகிறது,
இரவு ஷிப்ட் மட்டுமே உள்ள மில்.
ஸ்பின்னிங்கில் இருந்துவிட்டு வந்த சம்பூர்ணம்
ஒரே ராத்திரியில் முடித்துக் கொண்டுவந்தாள்.
பயமாக இருந்ததா என்றேன்.
“எதுக்குங் பயப்படோணும்?
மூணு வருச ஒப்பந்தம் முடிஞ்ச அன்னிக்கே
புள்ளைகளுக்குச் சொன்ன பணத்தை எண்ணி வெக்கறான்
அந்தப் பல்லு நீண்ட முதலாளி.
கடிச்சதெல்லாம் நம்புனனுங்.
இதை நம்ப முடியல.”

ஒடிசாவிலிருந்து வந்த ஜுகல் தமிழ் பேசுவான், எழுத்து தெரியாது.
கட்டிங் மேசையருகே டீ நேரங்களில்
ஐந்து பாகமும் காதால் படித்தான், நான்கு மாதம்.
கடைசியில் கேட்டது ஒன்றுதான்.
“எங்க ஊர்க்காரன் ஒருத்தன்கூட வரலையே அண்ணா,
கடிக்கறதுக்காவது?”
பெல் அடித்ததால் தப்பித்தேன்.

சாயப்பட்டறைத் திருமூர்த்தி
அபிப்பிராயம் சொல்கிற ஆள் இல்லை.
ஐந்தாம் பாகம் அவர் கையிலிருந்து வந்தபோது
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
சிவப்பாய் ஒரு கட்டைவிரல்.
அவருக்குப் பின் வாசித்த மூன்று பேர்
அச்சகத்தின் கெட்டிக்காரத்தனம் என்று மெச்சினார்கள்.
நான் திருத்தவில்லை.

என் குறையும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.
ஓடும் நீரை அவர்களால் தாண்ட முடியாது,
முதல் பாகத்திலேயே விதி சொல்லியாகிவிட்டது.
நொய்யலுக்கு வடக்கே, அவிநாசி, கோபியிலெல்லாம்
ஜனங்கள் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது அதனால்தான்.
இருநூற்றுப் பன்னிரண்டில்
நொய்யலைத் தாண்டி வருகிறார்கள்,
வரிசையாய், வேட்டி நனையாமல்.
எப்படி என்று ஒரு வரி இல்லை.

பாலத்தில் வண்டியை நிறுத்தி
திருமூர்த்தியிடம் சொன்னேன்,
எழுதியவர் மறந்துவிட்டார் என்று.
கைப்பிடிச் சுவரில் குனிந்து பார்த்தார்.
கீழே நுரை.
ஒரு சோபா மெத்தை.
அசையாத ஊதா.
“மறக்கலீங்” என்றார்.
“ஓடற தண்ணியைத் தானுங்களே
தாண்டக் கூடாது?”

கிக்கரை இரண்டு முறை உதைத்தார்.
மூன்றாம் உதையில் வண்டி பிடித்தது.
ஆறாவது எப்ப வருதுங் என்று கேட்டார்.